பழுதில் பிறந்த இசை

கன உலோகங்கள் என்று சொன்னால் வேதியியல் மாணவனுக்குக் காரீயமும் பாதரசமும் காட்மியமும் நினைவுக்கு வரும். அதையே ஆங்கிலத்தில் ‘ஹெவி மெட்டல்’ என்று கல்லூரி விடுதியில் சொல்லிப் பாருங்கள். அங்கே உள்ளவர்களுக்கு நினைவுக்கு வருவது ஓர் இசை. மின்கிதார்கள் உறும, முரசுகள் அதிர, பாடகர் அடித்தொண்டையிலிருந்து முழங்கும் இசை அது.

இன்று பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்களும் கைப்பேசியில் இவ்விசையைக் கேட்கிறார்கள். ‘தகர டப்பாவை உருட்டுகிறாற்போல் இருக்கிறது, இது ஓர் இசையா?’ என்று வீட்டுப் பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். இந்த வழக்கில் இயற்பியல் தீர்ப்புச் சொல்ல முடியுமா? சுவையைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆனால் இசைக்கும் இரைச்சலுக்கும் என்ன வேறுபாடு என்பது பற்றி அதனிடம் தெளிவான ஒரு விடை உண்டு.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1863-ஆம் ஆண்டில் இசையொலிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். காற்றின் அதிர்வு ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் காது அதைச் சுரமாக உணர்கிறது; ஒழுங்கின்றி நிகழ்ந்தால் இரைச்சலாக உணர்கிறது என்றார் அவர். திரும்பத் திரும்ப நிகழும் அதிர்வைக் காலமுறை அதிர்வு என்கிறோம். அலை வழவழப்பாக வளைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வடிவம் எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும், அதே வடிவம் அதே இடைவெளியில் மீண்டும் மீண்டும் வந்தால் அது சுரமே ஆகும்.

இக்கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஹெவி மெட்டல் இசையின் வரலாற்றில் சில நாள்களைக் காண்போம். அந்த வரலாறு நெடுகிலும் ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதுதான் பழுது.

கம்பிக்கு மின்சாரம் வந்தது

காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து இந்த விதி இசைமேடைக்கு வந்தது. அக்காலத்தில் அமெரிக்க நடன அரங்குகளில் எக்காளங்களுக்கும் முரசுகளுக்கும் நடுவே கிதாரின் ஒலி காதில் விழுவதே இல்லை. ஜார்ஜ் பீச்சம் என்ற கிதார்க் கலைஞர் இதற்கு வழி தேடினார். கம்பிகளுக்கு அருகே ஒரு நிலைக்காந்தத்தையும் ஒரு கம்பிச்சுருளையும் அமைத்து 1931-இல் மாதிரிக் கருவி ஒன்றைச் செய்தார். எஃகுக் கம்பி காந்தப்புலத்தில் அதிரும்போது புலம் மாறுகிறது. அதே அதிர்வெண்ணில் சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் அரங்கம் நிறைகிறது.

அடால்ஃப் ரிக்கன்பாக்கர் என்பவருடன் சேர்ந்து பீச்சம் இக்கருவியை 1932-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் உடல் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. வட்ட முகமும் நீண்ட கைப்பிடியுமாக இருந்த அதனை வாணலி என்று பலர் கேலி செய்தார்கள். 1937-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

நம் வீணைக்குக் குடம் வேண்டும். கம்பியின் மெல்லிய ஒலியைக் குடத்தின் மரமும் அதனுள் உள்ள காற்றும்தான் பெருக்கித் தருகின்றன. மின்கிதாருக்குக் குடம் தேவையில்லை. அதன் குடம் மின்பெருக்கிதான். ஆகவே பெருக்கியில் ஏற்படும் எந்த மாறுதலும் இசையின் மாறுதலாக வெளிப்படும். பெருக்கி பழுதானால்?

பழுதைத் தேடிப் போனவர்கள்

1951-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐக் டர்னரின் குழுவினர் ஒலிப்பதிவுக்காக மெம்ஃபிஸ் நகருக்குக் காரில் சென்றார்கள். வில்லி கைசார்ட் என்ற கிதார்க்காரரின் பெருக்கி வழியில் சேதமடைந்துவிட்டது. மாற்றுப் பெருக்கி இல்லை. ஒலிபெருக்கியின் கிழிந்த கூம்புக்குள் காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார்கள். கிதார் கரகரத்தது. ஒலிப்பதிவாளர் சாம் ஃபிலிப்ஸ் அந்தக் கரகரப்பை விரும்பி அப்படியே பதிவு செய்தார். ‘ராக்கெட் 88’ என்ற அந்தப் பாட்டு அவ்வாண்டில் பெரிய வெற்றி பெற்றது.

1958-இல் லிங்க் ரே என்பவர் வேண்டுமென்றே தம் ஒலிபெருக்கியின் கூம்பில் பென்சிலால் துளைகள் இட்டார். அவர் வெளியிட்ட ‘ரம்பிள்’ என்ற இசைத்தட்டில் பாட்டே கிடையாது. ஒரு சொல்கூட இல்லை. ஆயினும் இளைஞர்களிடையே சண்டையைத் தூண்டிவிடும் என்று அஞ்சிச் சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன.

1960-களின் தொடக்கத்தில் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில், கலவைக் கருவியின் மின்மாற்றி கெட்டுப்போனதால் கிரேடி மார்ட்டின் வாசித்த கிதார் பகுதி வண்டின் ரீங்காரம் போலப் பதிவாயிற்று. அதை நீக்காமல் விட்டார்கள். மக்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி பின்னர் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அதே விளைவைத் தரும் சிறு சுற்று ஒன்றை அமைத்தார். 1962-இல் அது கடைக்கு வந்தது. பழுதைப் பெட்டியில் அடைத்து விலைக்கு விற்றார்கள் எனலாம்!

1964-இல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற 17 வயதுப் பையன் தன் சிறிய பெருக்கியின் கூம்பைச் சவர அலகால் கீறிவிட்டான். ‘கிங்ஸ்’ என்ற குழுவின் பெயரை உலகறியச் செய்த பாட்டின் ஒலி அந்தக் கீறலில் பிறந்தது.

பெருக்கியில் சிதைவே இருக்கக்கூடாது என்று பொறியாளர்கள் அரும்பாடுபட்ட காலம் அது. இந்த இளைஞர்கள் ஏன் எதிர்த்திசையில் சென்றார்கள்? காரணத்தை அலைவடிவத்தில் காணலாம்.

வெட்டுண்ட அலை

ஒரு பெருக்கியால் அதிகபட்சம் 10 வோல்ட் வரைதான் வெளியிட முடியும் என்று கொள்வோம். உள்ளே வரும் குறிகையோ 30 வோல்ட் கேட்கிறது. தாழ்ந்த கூரையுள்ள வீட்டில் உயரமானவன் நிமிர்ந்து நிற்க முடியாதது போல, அலையின் முகடும் அகடும் 10 வோல்ட் அளவிலேயே தட்டையாகிவிடும். இதனை அலைவுகாட்டியின் திரையில் நன்றாகக் காணலாம். வளைவான அலை, ஏறக்குறையச் சதுர அலையாக மாறியிருக்கும்.

எந்தக் காலமுறை அலையையும் பல எளிய சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்று காட்டியவர் பிரெஞ்சு நாட்டு ஃபூரியர். வெப்பத்தைப் பற்றி 1822-இல் அவர் வெளியிட்ட நூலில் இது விரிவாக உள்ளது. அவர் முறைப்படி 100 ஹெர்ட்ஸ் சதுர அலையைப் பிரித்தால் 100, 300, 500, 700 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைப்படை மடங்குகள் கிடைக்கும். அவற்றின் வீச்சுகள் 1, 1/3, 1/5, 1/7 என்று குறைந்துகொண்டே போகும். ஆக, கம்பியிலிருந்து வந்த சுரத்தோடு புதிய மேற்சுரங்கள் பல சேர்ந்துவிடுகின்றன. நமக்குக் கரகரப்பாகக் கேட்பது இதுவே.

முக்கியமான செய்தி இனித்தான் வருகிறது. அலையின் தலை வெட்டுண்டபோதிலும் அது விநாடிக்கு 100 தடவை திரும்ப வருவது மாறவில்லை. வடிவம் சிதைந்தது, காலமுறை சிதையவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸின் அளவுகோலால் அளந்தால் இது இன்னும் சுரமே.

இன்னொரு பயனும் உண்டு. மீட்டிய கம்பியின் அதிர்வு விரைவில் தேய்ந்துவிடும். ஆனால் 30 வோல்ட் கேட்ட குறிகை 15 வோல்டாகக் குறைந்த பிறகும் வெளிவரும் அலையின் உயரம் 10 வோல்டாகவே நிற்கும். எனவே ஒலி தேயாமல் நீடிக்கிறது. மீட்டும் கருவியாகிய கிதாருக்கு, ஊதும் கருவியாகிய நாகசுரத்தைப் போல் நீண்டு நிற்கும் ஆற்றல் வந்துவிடுகிறது.

இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்தால் என்ன ஆகும்? சட்ஜம் 200 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 300 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். சிதைக்கும் பெருக்கி இவற்றின் கூட்டையும் வேறுபாட்டையும் புதிய அதிர்வெண்களாக உண்டாக்கும்; அதாவது 500-உம் 100-உம். இதில் 100 ஹெர்ட்ஸ் என்பது சட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சட்ஜம்! யாரும் வாசிக்காத ஆழ்ந்த சுரம் ஒன்று தானாக முழங்குகிறது. எல்லா அதிர்வெண்களும் 100-இன் மடங்குகளாக இருப்பதால் கூட்டொலியும் காலமுறை உடையதாகவே இருக்கிறது. பஞ்சமத்துக்குப் பதிலாகக் கிதாரின் மெட்டுப்படி அந்தர காந்தாரத்தை, அதாவது சுமார் 252 ஹெர்ட்ஸை வாசித்தால் வேறுபாடு 52 ஹெர்ட்ஸ் ஆகும். இத்துடன் 148, 304 என்று பொருந்தாத பலவும் சேர்ந்து ஒலி கலங்கிவிடும். ஆகவேதான் ஹெவி மெட்டல் கிதார்க்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டுச் சட்ஜ பஞ்சமங்களை மட்டும் சேர்த்து வாசிக்கிறார்கள். ‘பவர் கார்டு’ என்று அவர்கள் இதனை அழைப்பர். தம்புராவை மீட்டும் நாம் இந்த இணையை நன்கு அறிவோம்.

பர்மிங்காமில் ஒரு பிற்பகல்

கருவிகள் அமைந்துவிட்டன. 1962-இல் லண்டனில் முரசுக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் தம் முதல் பெருக்கியைச் செய்தார். 1965-இல் 100 வாட் பெருக்கிகளும் வந்துவிட்டன. இனி அவற்றை வாசிக்க ஒரு கை வேண்டும். வந்த கை காயம்பட்ட கை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் இரும்புத் தொழிலுக்குப் பேர்போன நகரம். அங்கே டோனி ஐயோமி என்ற 17 வயது இளைஞர் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துவந்தார். 1965-ஆம் ஆண்டில் இசைக்குழு ஒன்றில் இடம் கிடைத்ததால் வேலையை விட்டுவிட முடிவு செய்தார். அன்றுதான் கடைசி நாள். மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக விரும்பவில்லை. ‘எடுத்த வேலையை முடித்துவிட்டு வா’ என்று தாயார் அனுப்பிவைத்தார். வழக்கமாக எந்திரத்தில் இருப்பவர் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த எந்திரத்தில் இவரை நிறுத்தினார்கள். வலக்கையின் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் எந்திரம் கொண்டுபோய்விட்டது. அவர் இடக்கையால் மீட்டுபவர். கம்பியை அழுத்த வேண்டிய விரல்கள் வலக்கை விரல்களே.

இனிக் கிதார் இல்லை என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். மனமுடைந்திருந்த இளைஞரைத் தொழிற்சாலை மேலாளர் பார்க்க வந்தார். ஓர் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். கேட்ட பிறகு, அதை வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்றும், 1928-இல் தீ விபத்தில் கை கருகியதால் இடக்கையின் இரண்டே விரல்களைக் கொண்டு வாசித்தவர் என்றும் சொன்னார்.

ஐயோமி சலவைத் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டி ஒன்றை உருக்கி, விரல்நுனிக்கு ஏற்ற தொப்பிகளைச் செய்துகொண்டார். வழுக்காமல் இருக்க அவற்றின் மேல் தோலை ஒட்டினார். தடித்த கம்பிகளை அழுத்த வலித்தது. மெல்லிய கிதார்க் கம்பிகள் அப்போது கடைகளில் கிடைக்கவில்லை. ஆகவே பாஞ்சோ என்ற கருவியின் கம்பிகளைப் பூட்டிப் பார்த்தார். எளிதில் அழுத்தக்கூடிய இரண்டு சுரப் பிடிகள் அவருக்கு ஏற்றவையாக இருந்தன. அவை நாம் மேலே கண்ட சட்ஜ பஞ்சம இணைகள்!

1970, பிப்ரவரி 13

ஐயோமி, ஆசி ஆஸ்பர்ன், கீசர் பட்லர், பில் வார்டு ஆகிய நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்தவர்கள். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். பாடகர் ஆஸ்பர்ன் ஒரு காலத்தில் கார் ஹாரன்களுக்குச் சுருதி கூட்டும் வேலையும், பிறகு இறைச்சிக்கூடத்தில் வேலையும் பார்த்தவர். ‘பிளாக் சாபத்’ என்ற இவர்களுடைய குழு 1969 அக்டோபரில் ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்த முதல் இசைத்தட்டு, 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. ஹெவி மெட்டல் பிறந்த நாள் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் நாள் இதுவே. ‘ஹெவி மெட்டல்’ என்ற சொற்றொடர் இதற்கு முன்பே, 1968-இல், ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் மோட்டார் சைக்கிள் பாட்டு ஒன்றில் வந்திருந்தது. இசை வகையின் பெயராக அது 1970-களில்தான் நிலைத்தது.

இசைத்தட்டின் முதற்பாட்டு மூன்றே சுரங்களில் நடக்கிறது: சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்திமம். அதனைக் கேட்ட மேனாட்டார் நடுங்கிப்போனார்கள். ஏனெனில் சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இடைவெளியை ‘இசையில் உள்ள சாத்தான்’ என்று அவர்களுடைய பழைய இசை நூல்கள் கூறும். இந்த இடைவெளியின் விகிதம் ஏறக்குறைய 1.41, அதாவது இரண்டின் வர்க்கமூலம். சட்ஜ பஞ்சமத்தின் 2:3 போல எளிய விகிதமாக இல்லாததால் அது காதில் அமைதியின்றி ஒலிக்கிறது.

ஆனால் நமக்கு? 72 மேளகர்த்தா ராகங்களில் சரிபாதி, 36 ராகங்கள், பிரதி மத்திமம் உடையவை. கல்யாணியைக் கேட்டு யாரும் சாத்தானை நினைப்பதில்லை, மங்கலமாகத்தான் நினைக்கிறோம். அதிர்வெண் விகிதம் எங்கும் ஒன்றுதான். அச்சமும் மங்கலமும் கேட்பவரின் பழக்கத்தில் உள்ளன. ‘இது இசையா?’ என்று கேட்கும்போது நம் பழக்கமும் அக்கேள்வியில் கலந்திருக்கிறது என்பதை இதனால் அறியலாம்.

தளர்ந்த கம்பியும் காய்ச்சிய தோலும்

வலி குறைய ஐயோமி இன்னொன்றும் செய்தார். கம்பிகளின் இழுவிசையைக் குறைத்தார். 1971-இல் வந்த மூன்றாம் இசைத்தட்டின் சில பாட்டுகளில் கிதாரின் சுருதி மூன்று அரைச்சுரங்கள் கீழே இறங்கியிருந்தது. இழுவிசை பெற்ற கம்பியின் அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது பள்ளியில் படித்த விதி. கிதாரின் கீழ்க்கம்பி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 69.3 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் விகிதம் 0.84, அதன் வர்க்கம் 0.71. அதாவது கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். விரலுக்கு ஆறுதல் கிடைத்தது. இசைக்கு இருண்ட ஆழம் கிடைத்தது. இன்று உலகெங்கும் இரண்டு கையும் நலமாக உள்ள கிதார்க்காரர்கள் தம் கம்பிகளை அவ்வாறே தளர்த்துகிறார்கள்.

இதே விதியை எதிர்த்திசையில் பயன்படுத்துவோரை நம் ஊர்த் திருவிழாக்களில் பார்த்திருப்பீர்கள். பறையடிக்கும் கலைஞர்கள் வைக்கோலைக் கொளுத்தி அதன் அனலில் தோலைக் காட்டுவார்கள். ஈரம் நீங்கித் தோல் இறுகும், இழுவிசை கூடும், ஒலி கணீரென்று எழும்பும். ஐயோமி ஏட்டில் படித்து இதைச் செய்யவில்லை. நம் பறைக் கலைஞர்களும் அவ்வாறே. கையறிவு முந்திச் செல்ல, சூத்திரம் பின்னே வந்து விளக்கம் சொல்கிறது.

ராமன் கேட்ட ரீங்காரம்

ஒலியில் வேண்டுமென்றே கரகரப்பைச் சேர்ப்பது மேனாட்டார் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டா. தம்புராவைக் கவனியுங்கள். அதன் குதிரை கத்தி முனைபோல் இல்லை. அகன்று, சற்றே வளைந்திருக்கும். கம்பிக்கும் குதிரைக்கும் இடையே நூல் ஒன்றைச் செருகி முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஓர் இடத்தில் திடீரென்று ரீங்காரம் பிறக்கும். நாதத்துக்கு உயிர் வந்துவிட்டது என்பார்கள். அதிரும் கம்பி குதிரையை மாறிமாறித் தொட்டு விலகுவதால் மேற்சுரங்கள் பெருகுகின்றன.

சர் சி.வி. ராமன் ஒளிச்சிதறலைக் கண்டறிவதற்கு முன்பே, 1921-இல், தம்புராவையும் வீணையையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் கணுவை உடைய மேற்சுரங்கள் ஒலியில் இருக்கக்கூடாது என்பது யங்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. தம்புராவில் அந்த விதி மீறப்படுவதை ராமன் எடுத்துக்காட்டினார். மீறலுக்குக் காரணம் அகன்ற குதிரை.

மிருதங்கமும் இத்தகையதே. சாதாரண முரசுத் தோலின் மேற்சுரங்கள் முழு எண் மடங்குகளாக இருப்பதில்லை. அதனால் முரசுக்குத் தெளிவான சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் சோற்றோடு ஒருவகைக் கல்லின் பொடியைச் சேர்த்துக் கருநிறப் பூச்சாகப் படியவைக்கிறார்கள். அந்தச் சுமை மேற்சுரங்களை முழு எண் மடங்குகளாக ஒழுங்குபடுத்திவிடுகிறது. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் இதனை எழுதினார்கள். தோலைப் பதப்படுத்தி மிருதங்கம் செய்த கைகளுக்குச் சமூகத்தில் கிடைத்த மதிப்பு என்ன என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிழக்கே வந்த இசை

1980-களில் பிரிட்டனின் ‘அயர்ன் மெய்டன்’, அமெரிக்காவின் ‘மெட்டாலிக்கா’ போன்ற குழுக்கள் இவ்விசையின் வேகத்தைக் கூட்டின. ஒலிநாடாக்கள் மூலம் அது ஆசியாவுக்கும் வந்து சேர்ந்தது. தென்னிந்தியர் கைகளில் அது புதிய உருவம் பெற்றது சிங்கப்பூரில். அங்கே தென்னிந்திய வம்சாவளி இளைஞர்கள் 1992-இல் ‘ருத்ரா’ என்ற குழுவைத் தொடங்கினர். கதிரசன் அதன் பாடகர். 1998-இல் முதல் இசைத்தொகுப்பு வந்தது. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று தொகுப்புகளுக்குப் ‘பிரம்மவித்யா’ என்ற பொதுப்பெயர் சூட்டினர். உபநிடதக் கருத்துகளை உறுமும் குரலில் பாடும் இப்பாணிக்கு ‘வேத மெட்டல்’ என்று பெயர் ஏற்பட்டது.

அந்த உறுமல் குரலும் ஆராயத்தக்கது. நம் குரல்நாண்களுக்குச் சற்று மேலே பொய்க் குரல்நாண்கள் என்ற மடிப்புகள் உள்ளன. சாதாரணப் பேச்சில் அவை அதிர்வதில்லை. பயிற்சி பெற்ற பாடகர் அவற்றையும் அதிரச் செய்கிறார். கிதாருக்குப் பெருக்கி செய்வதைத் தொண்டைக்கு இம்மடிப்புகள் செய்கின்றன எனலாம். பயிற்சியின்றிக் கத்தினால் தொண்டை புண்ணாகும்.

2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனைத் திடலில் ‘அயர்ன் மெய்டன்’ வாசித்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ரயிலேறி வந்த இளைஞர்களுக்கு அது மறக்க முடியாத நாள். 2009-இல் ஸ்வீடன் நாட்டு ‘ஓபெத்’ குழு சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் வாசித்தது. 2011 அக்டோபர் 30 அன்று ‘மெட்டாலிக்கா’ பெங்களூருக்கு வந்தது. வந்தவற்றைக் கேட்டதோடு இந்தியா நிற்கவில்லை. டில்லியின் ‘பிளடிவுட்’ குழு தோல் என்ற வடநாட்டு மேளத்தையும் புல்லாங்குழலையும் மின்கிதாரோடு சேர்த்தது. 2022-இல் ஜப்பானின் ஃபூஜி ராக் விழாவில் வாசித்தது.

செவிக்கு ஓர் எச்சரிக்கை

சிதைவு வேறு, உரப்பு வேறு. சிதைந்த ஒலியைத் தாழ்ந்த அளவில் கேட்டால் காதுக்குக் கேடில்லை. உரத்துக் கேட்டால் எவ்விசையானாலும் கேடு உண்டு. அது ஹெவி மெட்டலானாலும் சரி, கோயில் திருவிழாவின் புனல் ஒலிபெருக்கியானாலும் சரி. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது ஒரு பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரு மடங்காவதால் கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். அப்படியானால் 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். 1972-இல் லண்டனில் ‘டீப் பர்ப்பிள்’ குழு 117 டெசிபெல் அளவில் வாசித்ததாகக் கின்னஸ் நூல் பதிவு செய்தது. மேற்படி கணக்கில் அதற்கு 20 விநாடிகூட இல்லை! காதுகளுக்குக் கேடு என்பதால் கின்னஸ் நிறுவனத்தார் பிற்காலத்தில் அந்தப் போட்டியையே கைவிட்டனர். ‘ஏசி/டிசி’ குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் செவித்திறன் குறைந்ததால் 2016-இல் பயணத்தை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. காதில் செருகிக் கேட்கும் கருவிகளைப் பயன்படுத்தும் மாணவர்கள் இதனை மறக்கலாகாது.

தீர்ப்பு

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில், தாம் வளர்ந்த ஆஸ்டன் பகுதியின் கால்பந்துத் திடலில், ‘பிளாக் சாபத்’ நால்வரும் கடைசியாக ஒரு முறை சேர்ந்து வாசித்தார்கள். நடுக்குவாத நோயால் நிற்க முடியாத ஆஸ்பர்ன் அமர்ந்தபடியே பாடினார். அம்மாதம் 22-ஆம் நாள் தமது 76-ஆம் வயதில் காலமானார். இரைச்சல் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களை அந்நகரம் தன் பெருமைக்குரிய பிள்ளைகளாகக் கொண்டாடியது.

அதே 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டில் பத்மஸ்ரீ விருது பெற்றவர்களுள் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானும், புதுச்சேரித் தவில் கலைஞர் பி. தட்சணாமூர்த்தியும் உண்டு. சாவுக்கு அடிப்பது என்று சொல்லி வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறை விருது மேடைக்கு வந்து சேர எத்தனை தலைமுறை ஆயிற்று! அது இசையா இரைச்சலா என்று தீர்ப்புச் சொன்னவர்கள் அதிர்வெண்ணை அளந்து பார்த்தார்களா? அடிப்பவர் யார் என்று பார்த்தார்கள். இயற்பியலின் அளவுகோல் அலையை மட்டுமே பார்க்கிறது. அலை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை.

மாணவர்களுக்கு ஒரு சோதனை. ஆய்வகத்தில் உள்ள சுரமானியில் 4 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டுக் கம்பியை மீட்டுங்கள். பிறகு எடையை 2.8 கிலோகிராமாகக் குறைத்து, நீளத்தை மாற்றாமல் மீண்டும் மீட்டுங்கள். சுரம் மூன்று அரைச்சுரங்கள் இறங்கி ஒலிக்கும். வெட்டுண்ட விரலுக்கு வலிக்கக் கூடாதென்று ஓர் இளைஞர் கம்பியைத் தளர்த்தியபோது கேட்டது அந்த இறக்கத்தைத்தான்.